லிஃப்ட் செய்த ஜீப்புக்குப் புது ப்ரொபெல்லர் ஷாஃப்ட்: அளவெடுப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து (கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) பின் ஹவுசிங்குக்கு (பின் ஆக்சிலும் அதன் கியர்களும் இருக்கும் கூடு) ஓடும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டையாக இருக்கும். கல்லுக்கும் பள்ளத்துக்கும் தப்புவதற்காக ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டி என்றால், அந்தக் குட்டை ஷாஃப்ட் ஏணி சாத்தியதுபோல் சரிந்து நிற்கும். கிராஸ் (ஷாஃப்ட் கோணத்தில் மடங்கிச் சுழல விடும் கூட்டல்குறி வடிவ இணைப்பு) சீக்கிரம் தேய்வது, 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் தரை அதிர்வது, கிளட்ச் விடும்போது ‘டொக்’ என்று அடிப்பது என்று எல்லாத் தொல்லையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட வண்டிக்கானது: பழைய மஹிந்திரா ஜீப், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், 2 முதல் 4 அங்குல லிஃப்ட், கம்பெனி ஷாஃப்டுக்குப் பதில் வெளியில் செய்வித்த ஷாஃப்ட். மற்ற பின்சக்கர வண்டிகளுக்கும் இதே கணக்குதான். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன்சக்கர வண்டிகளில் இருக்கும் சி.வி. ஆக்சில் வேறு விஷயம், அதற்கு இது பொருந்தாது.

நான் முதல்முறை ஷாஃப்ட் மாற்றியபோது கடையில் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்தேன். குழாய் தடிமனாக இருந்தது, வெல்டிங் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். வண்டியில் இருந்ததைவிட 20 மில்லிமீட்டர் நீளம் அதிகம். ஸ்லிப் என்பது ஷாஃப்ட் நீளவும் குறுகவும் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பகுதி. ‘ஸ்லிப் இருக்கே, அட்ஜஸ்ட் ஆயிடும்’ என்று கடையில் சொன்னதை நம்பினேன். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் மேட்டில் நிறுத்திய வண்டி ஹேண்ட் பிரேக் போட்டும் மெல்ல நகர்ந்தது.

அடியில் படுத்துப் பார்த்த மூத்த மெக்கானிக் அண்ணன், டிரம்மைக் கழற்றி ஷூவை என் கையில் கொடுத்தார். எண்ணெயில் ஊறியிருந்தது. பள்ளத்தில் ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது ஸ்லிப்புக்கு உள்ளே போக இடமில்லை. ஷாஃப்ட் கடப்பாரைபோல டிரான்ஸ்பர் கேஸின் பின் ஷாஃப்டைக் குத்தியிருக்கிறது. பேரிங் தளர்ந்து, சீல் விட்டு, எண்ணெய் நேராக அதை ஒட்டியிருக்கும் ஹேண்ட் பிரேக் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. “தம்பி, ஷாஃப்ட்டக் கண்ணால பாத்து வாங்கக் கூடாது, டேப்பால வாங்கணும்” என்றார். கீழே வருவதெல்லாம் அந்த ஒரு சொல்லின் விரிவுதான்.

முதலில், கோணம் என்ன செய்கிறது

சாதாரண கிராஸ் ஜாயிண்ட், கோணத்தில் சுழலும்போது சீரான வேகத்தைக் கடத்துவதில்லை. உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒரு சுற்றில் இருமுறை கூடி இருமுறை குறையும். கோணம் 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஒரு சதவீதத்தில் ஏழில் ஒரு பங்குதான், யாருக்கும் தெரியாது. 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் 6 சதவீதத்தைத் தொடும். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், இந்த உதறல் நிமிடத்துக்கு 4,000 முறை நடக்கிறது என்று பொருள்.

இதைச் சரிக்கட்டத்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் ஜாயிண்ட். முன் ஜாயிண்ட் கெடுப்பதைப் பின் ஜாயிண்ட் நேராக்கும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை: இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஷாஃப்டின் இரு யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும் நடுவிலுள்ள குழாய் மட்டும் உதறிக்கொண்டேதான் சுற்றும். ஆகவே கோணம் மிகப் பெரிதானால், சமமாக வைத்தும் அதிர்வு முழுதாகப் போகாது.

லிஃப்ட் எவ்வளவு கோணத்தைக் கூட்டும்? 600 மில்லிமீட்டர் ஷாஃப்டில் 75 மில்லிமீட்டர் உயர்த்தினால் சுமார் 7 டிகிரி கூடும். அதே உயரம் 850 மில்லிமீட்டர் முன் ஷாஃப்டில் 5 டிகிரிதான். பின்பக்கம் முதலில் அழுவதற்குக் காரணம் இதுதான். தடித்த குழாய் போட்டால் இது தீராது. ஷாஃப்ட் எவ்வளவு பலமாக இருந்தாலும் கோணம் கோணம்தான். நான் பார்த்தவரையில் ஷாஃப்ட் மாற்றியும் அதிர்வு போகவில்லை என்று வருபவர்களில் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போனவர்கள்.

கோணத்தை அளப்பது

சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க, வழக்கமாக ஏற்றும் பாரம் வண்டியில் இருக்க அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங் தொங்கும் நிலையில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. காந்தம் ஒட்டும் டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியே போதும். டிரான்ஸ்பர் கேஸ் ஃபிளேஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), ஷாஃப்ட் குழாய், ஹவுசிங் பினியன் (ஷாஃப்டின் சுழற்சியை வாங்கும் கியர்) ஃபிளேஞ்ச் ஆகிய மூன்று இடத்தில் அளவெடுங்கள்.

ஓர் உதாரணம். டிரான்ஸ்பர் கேஸ் 4 டிகிரி சரிவு, ஷாஃப்ட் 16 டிகிரி சரிவு, பினியன் 4 டிகிரி மேல்நோக்கு. முன் ஜாயிண்டின் கோணம் 16-இல் 4 போக 12. பின் ஜாயிண்டுக்கும் 12. இரண்டும் சமம் என்பதால் ஓட்டலாம். ஆனால் 12 டிகிரி என்பது தார்ச் சாலையில் வேகம் எடுக்கும் வண்டிக்கு அதிகம். சாலை வண்டிக்கு 3 டிகிரிக்குள் இருப்பதே நல்லது. அதற்காக முழுப் பூஜ்யமும் வேண்டாம். கொஞ்சமாவது கோணம் இருந்தால்தான் கிராஸின் நான்கு முனையிலும் உள்ள கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளும். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் கிராஸில் கோடு கோடாகக் குழி விழும்.

டபுள் ஜாயிண்ட் ஷாஃப்ட் எப்போது?

மேலே சொன்ன 12 டிகிரி நிலையில் இருக்கும் வண்டிக்கு நான் டபுள் ஜாயிண்ட் ஷாஃப்டைத்தான் சொல்வேன். டிரான்ஸ்பர் கேஸ் முனையில் இரண்டு கிராஸை அடுத்தடுத்து வைத்து, நடுவில் ஒரு பந்து வைத்துக் கட்டியது. கோணம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றின் உதறலை மற்றது அங்கேயே அழித்துவிடும். பின்முனையில் ஒரே கிராஸ்தான் இருப்பதால், அங்கே கோணம் ஏறக்குறைய இல்லாமல் இருக்க வேண்டும். பினியன் ஷாஃப்டை நேராகப் பார்க்கும்படி ஹவுசிங்கைச் சாய்க்க வேண்டும். ஷாஃப்ட் 16 டிகிரி என்றால் பினியனை 14 அல்லது 15-இல் நிறுத்துங்கள். முழுவதும் 16 வேண்டாம். மேடு ஏறும்போது பட்டை ஸ்பிரிங் முறுகி பினியன் மூக்கு மேலே எழும், அப்போது நேராகிவிடும்.

ஹவுசிங்கைச் சாய்க்க, ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங் மேடைக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைப்பார்கள். இரும்பு ஷிம்மே போடுங்கள். அலுமினியம் பாரத்தில் நசுங்கி விரிசல் விடும். இந்த வழி பின்பக்கத்துக்கு மட்டும். முன் ஹவுசிங்கை இப்படிச் சாய்த்தால் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) கெட்டு, ஸ்டியரிங் நேர் ரோட்டில் கூட அலையும். முன் ஷாஃப்ட் பெரும்பாலும் 4 வீல் போடும்போது மட்டுமே வேலை செய்வதால், அங்கே கொஞ்சம் கோணத்தைப் பொறுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

2 அங்குலத்துக்குள் லிஃப்ட், அதிர்வும் இல்லை என்றால் டபுள் ஜாயிண்டுக்குச் செலவழிக்க வேண்டாம். நல்ல குழாயில், நீண்ட ஸ்லிப் உள்ள சாதாரண ஷாஃப்டே போதும்.

நீளம்: மூன்று அளவு

இங்கேதான் நான் ஏமாந்தேன், ஆகவே நிதானமாகப் படியுங்கள். அளக்க வேண்டியது ஃபிளேஞ்ச் முகத்திலிருந்து ஃபிளேஞ்ச் முகம் வரை. ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, நேர்கோட்டில் டேப் பிடியுங்கள்.

முதல் அளவு வண்டி சமதளத்தில் சும்மா நிற்கும்போது. இரண்டாவது, ஸ்பிரிங் முழுதாக அமுங்கி ரப்பர் பம்ப் ஸ்டாப் இடிக்கும்போது. ஆள் ஏற்றினால் மட்டும் இது வராது. பின் ஸ்பிரிங்கின் பட்டைகளைக் கழற்றி, மெயின் பட்டையை மட்டும் விட்டு, ஹவுசிங்கை ஜாக்கியால் ஏற்றிப் பார்ப்பதுதான் சரியான முறை. அது முடியாதவர்கள் ஒரு சக்கரத்தை உயரமான கல்லில் ஏற்றி அளக்கலாம், உண்மையான அளவுக்கு அருகில் வரும். மூன்றாவது, சேஸிஸைத் தூக்கி ஹவுசிங் முழுதாகத் தொங்கும்போது.

முழுதாக அமுங்கிய நிலையில்கூட ஸ்லிப்பில் உள்ளே போக 15 முதல் 20 மில்லிமீட்டர் மீதி இருக்க வேண்டும். சாலையில் நிற்கும் நிலையில் 25 மில்லிமீட்டராவது. முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்லிப்பின் ஸ்ப்ளைன் பற்கள் (நீளவாக்கில் கோத்து நழுவும் பற்கள்) பாதிக்கு மேல் கோத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துவராவிட்டால் நீண்ட ஸ்லிப் கேளுங்கள். குழாயை வெட்டி ஒட்டிச் சமாளிக்க வேண்டாம்.

என்னென்ன சொல்லி ஆர்டர் செய்வது

கிராஸின் அளவு முதலில். அமெரிக்காவில் 1903-இல் காப்புரிமை பெற்ற கிளாரன்ஸ் ஸ்பைசரின் பெயரில் வந்த வரிசை எண்கள்தான் ஜீப் உலகில் இன்றும் புழங்குகின்றன. 1310 என்றால் கப் விட்டம் 27 மில்லிமீட்டர், கப் முனையிலிருந்து முனைக்கு சுமார் 81.8. 1330-இல் கப் அதே 27, அகலம் 92. 1350-இல் கப்பே 30.2 ஆகத் தடிக்கும். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்பதை எண்ணை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்து சொல்லுங்கள். பல கை மாறிய வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு கிராஸ் இருப்பது சாதாரணம்.

பெரிய கிராஸ் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள்: என்ஜின் 120 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் 4 மடங்கு, டிரான்ஸ்பர் கேஸின் லோ ரேஞ்ச் இரண்டரை மடங்கு. ஷாஃப்டுக்கு வருவது 1,200. சக்கரம் பாறையிடுக்கில் சிக்கியிருக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால் அதற்கும் மேல் அடி விழும். அந்த அடியில் ஏதோ ஒன்று உடைந்துதான் ஆகும். கிராஸ் உடைந்தால் மலையிலேயே அரை மணி நேரத்தில் மாற்றலாம். கிராஸைப் பெரிதாக்கி, பினியனோ ஆக்சிலோ உடைந்தால் வண்டியை இறக்கவே லாரி வேண்டும். ஆகவே ஒரு படிக்கு மேல் போகாதீர்கள். டயரையும் என்ஜினையும் மாற்றாத வண்டிக்கு அந்த ஒரு படியும் தேவையில்லை, நல்ல தரமான 1310 போதும்.

குழாய்க்கு, குளிர்நிலையில் இழுத்த குழாய் கேளுங்கள், கடையில் சி.டி.டபிள்யூ. என்பார்கள். தண்ணீர் பைப், பழைய லாரி ஷாஃப்டிலிருந்து அறுத்த துண்டு எதுவும் வேண்டாம். விட்டம் அதிகமானால் முறுக்கையும் வேகத்தையும் தாங்கும். 1,500 மில்லிமீட்டர் நீளத்தில் 50 மில்லிமீட்டர் குழாய் நிமிடத்துக்கு சுமார் 3,600 சுற்றிலேயே வில்போல் வளைந்து துள்ளத் தொடங்கும்; 76 மில்லிமீட்டர் குழாய் 5,500 வரை நிற்கும். இதில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டக் கூடாது. குட்டை ஜீப்பில் இந்தக் கவலை இல்லை, பொலேரோ, சுமோ போன்ற நீண்ட வண்டிக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜீப்பில் வேறொன்றைக் கவனியுங்கள்: விட்டம் கூடினால் எக்ஸாஸ்ட் பைப்பிலும் கிராஸ் மெம்பரிலும் உரசுமா என்று.

பேலன்சிங் இல்லாத ஷாஃப்டை வாங்காதீர்கள். லேத்தில் சுற்றி, சாக்பீஸ் கோடு பார்ப்பது பேலன்சிங் ஆகாது. அது வளைவை மட்டும் காட்டும். கிராஸ், ஃபிளேஞ்ச் எல்லாம் மாட்டிய நிலையில் மெஷினில் ஏற்றி, இரு முனையிலும் எடை ஒட்டித் தர வேண்டும். ஐ.எஸ்.ஓ. 21940-11 (பழைய ஐ.எஸ்.ஓ. 1940) என்ற பேலன்சிங் தரக் கணக்கில் ஜி16 தரம் கேளுங்கள். ஸ்லிப்பின் இரு பக்கமும் அம்புக்குறி பொறித்து வாங்குங்கள்.

கழற்றுவது

அடியில் படுப்பதற்கு முன் ஒன்று. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கம் இருக்கும். ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் ஹேண்ட் பிரேக்கும் இல்லை, கியரும் பிடிக்காது. வண்டி உங்கள் மேல் உருளும். சமதளம், நான்கு சக்கரத்துக்கும் கட்டை, சேஸிஸுக்கு ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவே கூடாது.

போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு எண்ணெய் விடுங்கள். பழைய ஷாஃப்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் சேர்த்துப் பெயின்டில் ஒரு கோடு போடுங்கள், திரும்ப மாட்ட நேர்ந்தால் உதவும். ஹவுசிங் பக்கத்தை முதலில் கழற்றி, ஷாஃப்டை முன்னால் தள்ளி இறக்குங்கள். ஒரு முனை தொங்கிக்கொண்டிருக்க விடாதீர்கள், ஜாயிண்ட் மடங்கி அடிபடும். யூ-போல்ட் வகை என்றால் கப்புகளைச் சுற்றி உடனே டேப் ஒட்டுங்கள். கப் நழுவினால் ஊசிகள் மண்ணில் கொட்டும்.

ஷாஃப்ட் இல்லாத இந்த நேரம் மிக முக்கியமானது. பினியன் ஃபிளேஞ்சைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது, புது ஷாஃப்ட் அதைக் காப்பாற்றாது. டிரான்ஸ்பர் கேஸ் முனையிலும் அப்படியே பாருங்கள். சீல் கசிந்தால் இப்போதே மாற்றுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் ரப்பர் மவுண்டுகளையும் பாருங்கள்; மவுண்ட் அமுங்கியிருந்தால் நீங்கள் அளந்த கோணமே பொய்.

மாட்டுவது

ஃபிளேஞ்ச் முகங்களைக் கம்பிப் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒரு பெயின்ட் செதில் போதும், ஷாஃப்ட் மையம் விலகிச் சுற்றும். ஃபிளேஞ்சின் பள்ளத்தில் ஷாஃப்டின் வளையம் ‘டிக்’ என்று உட்கார வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்காதீர்கள்.

ஸ்லிப்பைப் பிரித்திருந்தால் அம்புக்குறி அம்புக்குறியைப் பார்க்கும்படி கோத்துவிடுங்கள். 16 பல் உள்ள ஸ்ப்ளைனில் ஒரு பல் தவறினால் யோக் 22.5 டிகிரி திரும்பிவிடும்; வண்டி முழுக்க அதிரும், பேலன்சிங் மேல் பழி விழும்.

போல்ட்டும் நைலாக் நட்டும் புதிதாக, 8.8 தரத்துக்குக் குறையாமல். 10 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டுக்குப் பொதுவாக 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. குறுக்காக, இரண்டு சுற்றில் முறுக்குங்கள். யூ-போல்ட் என்றால் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டியே நிறுத்துங்கள். பலத்தைக் காட்டினால் கப் நசுங்கி, கிராஸ் ஒரு மாதத்தில் காலி.

கிராஸை நீங்களே மாற்றுவதானால், கப்பை வைஸில் அழுத்தும்போது அவசரம் கூடாது. ஊசிகள் சுவரோடு சுவராக நிற்பதற்குக் கெட்டியாக கிரீஸ் தடவுங்கள். கப் உள்ளே போய்க்கொண்டே வந்து, சர்க்லிப் (கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) உட்காரும் காடிக்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிட்டால், ஓர் ஊசி சாய்ந்து அடியில் குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது சுத்தியலைத் தூக்காதீர்கள், கழற்றி ஊசிகளை எண்ணுங்கள். நான்கு சர்க்லிப்பும் உட்கார்ந்தபின் கிராஸ் இரண்டு பக்கமும் விரலால் தள்ளினாலே மடங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கப் வெளியே தள்ளி சர்க்லிப்போடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக கிரீஸ். என்.எல்.ஜி.ஐ. 2 தர லித்தியம் ஈ.பி. கிரீஸை நான்கு கப் வாயிலிருந்தும் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், ஷாஃப்டை ஆட்டிக்கொண்டே அடியுங்கள். அந்த ஒன்றுதான் முதலில் காயும்.

முதல் ஓட்டம்

ஓட்டுவதற்கு முன், வண்டியைத் தள்ளிக்கொண்டே ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று எதிலும் உரசாமல் வருகிறதா என்று ஒருவர் கீழே பார்க்கட்டும். பிறகு 20, 40, 60 என்று படிப்படியாக வேகம் எடுங்கள்.

அதிர்வு வந்தால் எங்கிருந்து என்று அதுவே சொல்லும். வேகம் ஏற ஏற ஏறி, ஆக்சிலரேட்டரை விட்டாலும் மாறாமல் இருந்தால் பேலன்ஸ். ஹவுசிங் பக்க ஃபிளேஞ்சைக் கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே போய்விடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி அதிர்ந்தால் கோணம்; ஷிம்மை மாற்ற வேண்டும். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் வேகத்தோடு கூடும் சத்தம் என்றால் கிராஸ் காய்ந்திருக்கிறது. கியர் மாற்றும்போது ‘டொக்’ என்றால் ஸ்ப்ளைனிலோ பினியனிலோ ஆட்டம்.

100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். அதன்பின் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ். ஓடையிலோ வெள்ளத்திலோ இறங்கிய வண்டிக்கு அன்றைக்கே. டபுள் ஜாயிண்டின் நடுப் பந்துக்கும் ஒரு நிப்பிள் உண்டு, நீண்ட ஊசி முனை உள்ள கிரீஸ் கன்தான் அங்கே எட்டும். அதை மறந்தவர்கள்தான் டபுள் ஜாயிண்ட் நிற்காது என்று சொல்பவர்கள்.

ஆள் ஏற்றும் வண்டிக்கு இன்னொன்றும் செய்யுங்கள். முன் ஜாயிண்டை ஒட்டி ஒரு பட்டை இரும்பு வளையத்தைக் கிராஸ் மெம்பரில் பொருத்துங்கள். முன் கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முனை கீழே விழுந்தால், அது தரையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடக்கூடும். அந்த வளையம் ஷாஃப்டைத் தரையில் விழாமல் பிடித்துக்கொள்ளும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றத் தடை போடுகிறது. ஆகவே லிஃப்ட் செய்வதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் பக்கமும் பேசிவிடுங்கள். கழற்றிய பழைய ஷாஃப்டைப் பழைய இரும்புக்குப் போடாமல், கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, படுக்கைவாக்கில் வைத்திருங்கள். வண்டியை மறுபடி பழைய உயரத்துக்கு இறக்கினால் அதுதான் பொருந்தும்.